வீதிக்குக் கல் பாவிய வேம்பனார்

கருங்காலிநல்லூரில் சிவபெருமான் உலா வரும் வீதிக்குக் கல் பாவுவதே வேம்பனாரின் தொழில். ஆற்றில் பொறுக்கிய உருண்டைக் கற்களைச் சுமந்து வருவார். மணல் விரித்து, ஒடுங்கிய முனை கீழாக நிறுத்தி, ஒன்றையொன்று தாங்கும்படி நெருக்கி, திமிசுக் கட்டையால் இடிப்பார். இடிக்கு ஒரு முறை ஐந்தெழுத்து ஓதுவார். ஒரு வேளைக் கூழ்தான் உணவு. அதில் அவருக்குக் குறையில்லை.

குறை வேறு. கோயிலுக்கு மாலை கட்டும் குழகப் பண்டாரத்தைக் கண்டால் அவருக்கு நெஞ்சு எரியும். அந்த மாலை இறைவன் மார்பில் கிடக்கிறது. தம் கல்லோ பல்லக்குச் சுமப்பவர் காலடியில் கிடக்கிறது. இந்தப் பொறாமையை அவர் இறைவனிடம் மறைக்கவுமில்லை. அந்திதோறும் சந்நிதியில் நின்று, "சாமி, அவரு கட்டுன பூவு ஒம்ம மேல கெடக்கு. என் கல்லு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று முறையிட்ட பிறகே வீடு திரும்புவார்.

திருவிழா நெருங்கியது. வீதி முடிய ஒரு கல்லே வேண்டியிருந்தது. கைக்கு வந்ததோ சந்தனக் கட்டி போல வழவழப்பான கல். அதைப் பிறர் மிதிக்கக் கொடுக்க மனம் வரவில்லை. இறைவன் பாதத்தருகே வைக்கலாமென்று கோயிலுக்கு எடுத்துச் சென்றார்.

வாசலில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த பண்டாரம் சிரித்தார். "என்னவே, தெருக்கல்லுக்குக் கருவறை கேக்குதோ? நாளைக்குத் திமிசையும் தூக்கிட்டு வருவீரு போல."

வேம்பனார் கல்லோடு திரும்பினார். கல்லைக் குடிசையில் வைத்து வழிபட்டார். அந்தக் கல்லுக்காக வீதியில் விட்டிருந்த குழியை வெறும் மண்ணால் மூடினார். கல் பாவுகிறவர் செய்யக்கூடாத பிழை. பொறாமை செய்வித்தது.

திருவிழாக் காலையில் மழை கொட்டி மண் கரைந்தது. பல்லக்கு அவ்விடம் வந்ததும், முன்னே சுமந்தவரின் கால் குழியில் இறங்கியது. பல்லக்குச் சாய்ந்தது. மாலை நழுவிச் சேற்றில் விழுந்தது. அடுத்து இறைவனே விழுவார் என்று ஊர் பதறியது. வேம்பனார் பாய்ந்து, புதைந்த அந்தப் பாதத்தின் கீழே தம் இரு கைகளையும் கொடுத்துத் தாங்கினார். விரல்கள் நசுங்கின. பல்லக்கு நிமிர்ந்தது.

அப்போது பல்லக்கிலிருந்து, ஊரார் கேட்க, ஒரு குரல் எழுந்தது.

"வேம்பா, கனக்கிறோமா?"

"இல்ல சாமி. இப்படியே இரியும்."

"மாலை எம்மைத் தொட்டது, தாங்கியதில்லை. இவ்வீதியில் யாம் வந்த நாளெல்லாம் எம் பாரம் முழுதும் இறங்கியது உன் கல்லின் மேல்தானே?"

பண்டாரம் சேற்றில் மண்டியிட்டார். "எனக்குக் குடுத்து வைக்கலியேவே" என்று தேம்பினார். அன்று முதல் பொறாமை அவருடையதாயிற்று.

மனத்தின் எரிச்சலையும் இறைவனிடமே சொல்லி, அவன் பாரத்தைக் கையில் ஏற்ற வேம்பனாரை நினைத்து நடப்பவருக்கு வழி இடறாது.