கேட்டைப் பூட்டிய இருளப்பன்

கருவக்குளம் ஆஸ்பத்திரிக்கு டாக்டரே கிடையாது. பிரசவ வலி எடுத்தால் டவுன் பஸ்தான். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குக் கண்டக்டர் பெயர். நான் அளக்கவில்லை, போய்க் கேட்டுப் பாருங்கள்.

ஒருநாள் சுகாதார மந்திரி வருகிறார் என்றதும், சுகாதார அதிகாரி டவுனிலிருந்து ஒரு டாக்டரை இரவல் வாங்கி உட்கார வைத்தார். வாட்ச்மேன் இருளப்பனைக் கூப்பிட்டு, “மந்திரி பேச்சு இன்னைக்கு ஒரு எழுத்துகூடப் பொய்யாகக் கூடாது. ஆச்சுன்னா உன் வேலை போச்சு!” என்று மிரட்டினார்.

“இங்கே டாக்டர் இருக்காரா?” என்று நிருபர்கள் கேட்டார்கள்.

“இருபத்துநாலு மணி நேரமும் இங்கேயேதான் இருக்கார்!” என்றார் மந்திரி, மாலையைச் சரிசெய்துகொண்டே.

விழா முடிந்ததும் டாக்டர் நைசாக அதிகாரியின் ஜீப்பில் ஏறினார். இருளப்பன் கேட்டைப் பூட்டிவிட்டான்.

“டேய், திறடா!” என்றார் அதிகாரி.

“எப்படிய்யா திறப்பேன்? மந்திரி சொல்லி இன்னும் அரைமணி ஆகலை. டாக்டரை வெளியே விட்டா அவர் பேச்சு பொய்யாயிடும், என் வேலையும் போயிடும். நீங்கதானே சொன்னீங்க!”

கேமராக்கள் ஜீப்பைப் பார்த்துத் திரும்பின. மந்திரி ஓடிவந்து, “டாக்டர் சும்மா காத்து வாங்குறார்!” என்று அவரைக் கையைப் பிடித்து இறக்கினார். அன்றைக்கே டாக்டரை அந்த ஆஸ்பத்திரிக்கே மாற்றி உத்தரவும் வந்தது.

டாக்டர் இன்னும் அங்கேதான். போன மாதம் ரேஷன் கார்டையும் கருவக்குளத்துக்கு மாற்றிக்கொண்டார்.