கிரில்லுக்கு நான்கு மஞ்சள் விளக்கு

அன்று பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர்.

பட்டறைக்காரி மிக்கேலம்மாள், வயது நாற்பத்து மூன்று. மலையிலிருந்து பிக்கப் வண்டியோடு இறங்கி வந்த அடைக்கலம், வயது அறுபத்து நான்கு. ஹாரன் அடிக்காத டெம்போவோடு காத்துக்கிடந்த டிரைவர் சின்னக்காளை. எதிர்க்கடையிலிருந்து டீ கொண்டுவந்த பவுனு.

வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. அதைச் சேர்க்கவில்லை.

அடைக்கலம் ஓர் அட்டைப் பெட்டியை நீட்டினார். உள்ளே நான்கு விளக்குகள் இருந்தன. விரல் நீளம்தான் ஒவ்வொன்றும். மஞ்சள் கண்ணாடி. பிரிக்காத பாலிதீன் உறை.

"தாயி, ஒரே ஒரு கேள்வி. இந்த நாலும் வண்டியில இருந்திருந்தா என் மகன் பிழைச்சிருப்பானா?"

மிக்கேலம்மாள் விளக்கைத் திருப்பிப் பார்த்தாள். பெட்டியிலேயே வைத்தாள்.

"மாட்டிப் பாருங்க ஐயா" என்றாள்.

*

மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் அவளை வாத்தியாரம்மா என்பார்கள். வயரிங் வேலை அவளுக்குத் தெரிந்த அளவு அந்த அடிவாரத்தில் வேறு யாருக்கும் தெரியாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். பல நேரம் அதற்கும் சொல்லமாட்டாள்.

அடைக்கலம் அவளிடம் வந்தது அது நான்காவது தடவை. மூன்று தடவையும் அதே கேள்விதான். மூன்று தடவையும் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். இந்தத் தடவைதான் கையோடு கொண்டுவந்தார்.

*

"என்ன பெருசு, வண்டிக்குச் சீர் செய்யுறீரா?" என்றான் சின்னக்காளை. "நாலு எதுக்கு, நாப்பதா மாட்டும். சப்பரம் மாதிரி ஜொலிக்கும்."

"வாயை வச்சுக்கிட்டு டீயைக் குடி" என்றாள் பவுனு.

"கேட்டது ஒரு குத்தமா?"

"அது சகாயம் வாங்கி வச்ச விளக்கு."

சின்னக்காளை கிளாஸைக் கீழே வைத்தான்.

சகாயம் அடைக்கலத்தின் மகன். மலையிலிருந்து முட்டைக்கோஸும் சௌசௌவும் ஏற்றிக்கொண்டு போய்ச் சந்தையில் இறக்கிவிட்டு வருகிறவன். எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு மதியம், காலி வண்டியோடு ஊர் திரும்பும்போது, பதினோராவது வளைவில், பனிமூட்டத்துக்குள்ளிருந்து வந்த லாரி ஒன்று அவன் வண்டியில் நேருக்கு நேர் மோதியது. எதிரில் வண்டி இருந்ததே தெரியவில்லை என்றான் லாரிக்காரன்.

அவன் சொன்னது பொய்யில்லை என்று எல்லாருமே சொன்னார்கள். அடைக்கலமும் சொன்னார்.

ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பு சகாயம் தகப்பனிடம் கேட்டிருந்தான்.

"முன்னாடி கிரில்லுல மஞ்சள் லைட்டு வைக்கலாம்ப்பா. பனியில எதிர்ல வர்றவனுக்கு நாம தெரிவோம்."

"இது பாரம் அடிக்கிற வண்டி. இதுக்கு எதுக்குடா மினுக்கு?" என்றார் அடைக்கலம்.

இரண்டாம் தடவை கேட்டான். இரண்டாம் தடவையும் அதையே சொன்னார்.

மூன்றாம் தடவை அவன் கேட்கவில்லை. மோதலுக்குப் பிறகு சீட்டுக்கு அடியில் இந்தப் பெட்டி கிடைத்தது. வண்டியின் முகம் முழுக்க நசுங்கியிருந்தது. பெட்டியில் ஒரு மூலைகூட மடங்கவில்லை.

*

"ஆமான்னு சொன்னா செத்துப்போவேன் தாயி. இல்லைன்னு சொன்னா நம்பமாட்டேன். ஆனா ஏதாச்சும் ஒண்ணு சொல்லு."

"கிரில்லைக் கழட்டுங்க."

"நீ கழட்டித் தரக்கூடாதா?"

அவள் ஸ்பேனரைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

கிரில்லில் ஆறு போல்ட்டும் நான்கு கிளிப்பும் இருந்தன. ஒரு கிளிப் உடைந்தது. அவருக்கு வியர்த்தது.

"எடுத்த எடுப்புல ஒண்ணு போச்சு."

"மூணு இருக்கே. போதும்."

அவர் அளந்தார். கிரில்லின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே தூரம் வரும்படி பென்சிலால் குறித்தார். குறித்ததை அழித்துவிட்டு மறுபடி அளந்தார். ஒரு நூல் அளவு பிசகியிருந்தது. மறுபடி குறித்தார்.

துளை போட்டார். நான்கு விளக்குகளையும் திருகினார். வயரைக் கிரில்லுக்குப் பின்னால் வளைத்து, ரேடியேட்டர் மேல் படாமல் ஓரமாகக் கட்டி, பேட்டரிக்குக் கொண்டுபோனார். சுவிட்சுக்குக் கட்டுப்பட்டுக் கரண்டைத் திறந்துவிட ஒரு ரிலே வைத்தார். டேஷ்போர்டில் சுவிட்ச் வைத்தார். இரண்டரை மணி நேரம் ஆனது. இடையில் பவுனு கொண்டுவந்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

"முடிஞ்சுது தாயி."

அவள் குனிந்து பார்த்தாள்.

"கழட்டுங்க."

"எது தப்பு?"

"பியூஸ் எங்கே?"

பேட்டரியிலிருந்து கிளம்பும் வயரில் பியூஸ் இல்லை. எங்காவது உரசினால் வண்டி எரிந்துபோகும். அவர் தலையில் அடித்துக்கொண்டார். வயரை வெட்டிப் பியூஸ் கோத்து மறுபடி மாட்டினார்.

சுவிட்சைப் போட்டார். நான்கும் எரிந்தன. ஆனால் சாகப்போகிற மின்மினி மாதிரி அழுது வடிந்தன.

"மாட்டுனதே லேட்டு. இதுவாச்சும் ஒழுங்கா எரியக்கூடாதா?" என்றார். "நான் எதைத் தொட்டாலும் இப்படித்தான். விட்டுரு தாயி. ஒண்ணும் வேண்டாம். பெட்டியிலயே கெடக்கட்டும்."

சின்னக்காளை எழுந்து வந்தான். "மாமா, தள்ளுங்க, நான் பார்க்கிறேன்."

மிக்கேலம்மாள் அவனைப் பார்த்தாள். அவன் போய் உட்கார்ந்துகொண்டான்.

"எர்த்தை எங்கே கொடுத்தீங்க?" என்று அவரிடம் கேட்டாள்.

"பாடியில. இந்தப் போல்ட்டுல."

"அது பெயிண்டு மேல இருக்கு. பெயிண்டுல கரண்டு ஓடாது."

"அதுக்கு?"

"சுரண்டணும். தகரம் தெரியுற வரைக்கும்."

அடைக்கலம் கம்பி பிரஷையும் உப்புத்தாளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மோதலுக்குப் பிறகு பாடி ஷாப்பில் வண்டி முழுக்க வெள்ளை அடித்திருந்தார்கள். ஓர் அடையாளமும் தெரியாத அளவுக்கு அடித்துத் தரவேண்டும் என்று சொன்னது அவர்தான்.

சுரண்டினார்.

வெள்ளைக்குக் கீழே நீலம் வந்தது. சகாயம் ஓட்டிய காலத்து நீலம்.

கை நின்றுவிட்டது.

"இன்னும் தகரம் வரலையே ஐயா" என்றாள் மிக்கேலம்மாள்.

நீலத்தையும் சுரண்டினார். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தகரம் பளபளத்தது. போல்ட்டை முடுக்கினார்.

சுவிட்சைப் போட்டார். நான்கும் பளீரென்று எரிந்தன. பவுனு கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

அடைக்கலம் விளக்குகளைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"இப்பச் சொல்லு. இது இருந்திருந்தா?"

"இங்கே வெயில் அடிக்குது" என்றாள். சாவியை எடுத்துக்கொண்டாள்.

*

மிக்கேலம்மாள்தான் ஓட்டினாள். எட்டாவது வளைவு வரை வெயில் இருந்தது. ஒன்பதில் கண்ணாடி மங்கியது. பத்தில் மரங்கள் காணாமல் போயின.

பதினோராவது வளைவில் வண்டியை இடது ஓரமாக, மேட்டைப் பார்த்து நிறுத்தினாள். மணி மூன்றே கால். வெளியே பாலைக் கரைத்துவிட்டது போல இருந்தது.

அடைக்கலம் அந்த இடத்தில் எட்டு மாதமாக இறங்கியதில்லை. கண்ணை மூடிக்கொண்டே கடந்து போவார். மற்றவர் ஓட்டும் வண்டியில் வந்தால்தான் அது முடியும் என்பதால், சொந்த வண்டியை அந்த வளைவு தாண்டி ஓட்டியதே இல்லை. இன்று காலையில்கூட அண்டை வீட்டுக்காரர்தான் வண்டியை ஓட்டிவந்து பட்டறையில் விட்டுவிட்டுப் போனார்.

"இறங்குங்க ஐயா."

"எதுக்கு?"

"முன்னாடி நடங்க. ஒவ்வொரு தப்படிக்கும் திரும்பிப் பாருங்க. வண்டி எங்கே மறையுதோ அங்கே நின்னு சத்தம் கொடுங்க."

முதலில் ஹெட்லைட்டை மட்டும் போட்டாள். மஞ்சளைப் போடவில்லை.

அவர் நடந்தார். ஒன்று. இரண்டு. திரும்பிப் பார்த்தார். மூன்று. பத்துக்குப் பிறகு வெள்ளை வெளிச்சம் பனியோடு கரைய ஆரம்பித்தது. இருபத்தொன்றாவது தப்படியில் திரும்பினார். எதுவும் இல்லை. வண்டியும் இல்லை, சாலையும் இல்லை, அவரும் இல்லாதது போல இருந்தது.

"இருபத்தொண்ணு!"

"திரும்பி வாங்க!"

குரலைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

இப்போது மஞ்சளையும் போட்டாள். மறுபடி நடந்தார். இருபத்தொன்றில் திரும்பினார். நான்கு மஞ்சள் பொட்டுகள் தெரிந்தன. இருபத்து மூன்றில் தெரிந்தன. இருபத்தைந்தில், இருந்தும் இல்லாமலும் தெரிந்தன.

இருபத்தாறில் மறைந்தன.

அவர் நம்பவில்லை. திரும்பி வந்து மறுபடி ஒருமுறை நடந்தார். இருபத்தாறுதான்.

வண்டிக்கு வந்து பானெட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சு" என்றார். "அஞ்சு தப்படிதான் தாயி. இம்புட்டு விளக்கும் சேர்ந்து கொடுக்கிறது அஞ்சு தப்படி."

"ஆமா."

"அந்த அஞ்சுல லாரி நின்னிருக்குமா?"

"என்ன வேகத்துல வந்தான்?"

"தெரியாது."

"பிரேக்கைப் பிடிச்சானா?"

"தெரியாது."

"சகாயம் திருப்பினானா?"

"தெரியாதே தாயி, தெரியாதே!" அவர் பானெட்டைக் கையால் அறைந்தார். "அது தெரிஞ்சா உன்கிட்ட ஏன் வர்றேன்? அஞ்சு போதும்னு சொல்லு, இல்லை போதாதுன்னு சொல்லு. போதாதுன்னு சொன்னா இன்னிக்கு ராத்திரி தூங்குவேன். எட்டு மாசமாச்சு நான் தூங்கி."

மிக்கேலம்மாள் ஸ்டியரிங் மேல் கை வைத்தபடி இருந்தாள்.

"போதாதுன்னு சொல்லேன்" என்றார் அவர் மறுபடி. கெஞ்சினார். "ஒரு பேச்சுக்காச்சும்."

அவள் சொல்லவில்லை. விளக்குகளை அணைக்கவும் இல்லை.

*

மலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் விடுவார்கள். எண்ணெய் மிச்சமாகும் என்பார்கள். சத்தமே இருக்காது. பனியில் அப்படி வருகிறவனைக் காதாலும் பிடிக்க முடியாது.

அப்படித்தான் வந்தது அந்த பைக்.

எதுவும் கேட்கவில்லை. பனி கிழிந்தது, ஓர் ஆள், பின்னால் ஒரு கேரட் மூட்டை. வளைவைக் குறுக்காக அறுத்துக்கொண்டு, நேரே வண்டியைப் பார்த்து வந்தான். டயர் தேய்ந்து அலறியது. பின்சக்கரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போக, காலை ஊன்றி நின்றுவிட்டான்.

கேரட் இரண்டு உருண்டு போனது.

"ஏன்யா, இங்கேயா வண்டியைப் போடுவீங்க?" என்று கத்தினான். "அப்பனே, போயிருப்பேன்! வெள்ளை வெளிச்சம் பனியோட பனியாக் கெடந்துச்சு. மஞ்சளா என்னமோ தெரியுதேன்னுதான் பிரேக்கைப் பிடிச்சேன்."

"எஞ்சினைப் போட்டுட்டு வரலாம்ல?" என்றாள் மிக்கேலம்மாள்.

"போட்டுக்கிறேன்க்கா."

"உங்க வீட்டுல யாரு இருக்கா?"

"அம்மா இருக்கு. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அவன் எஞ்சினைக் கிளப்பினான். உருண்ட கேரட்டைக் குனிந்து பொறுக்கி மூட்டைக்குள் திணித்துக்கொண்டு, இடது பக்கமாக ஒதுங்கி, மெதுவாக இறங்கிப் போனான். சத்தம் பத்தாவது வளைவு வரை கேட்டது.

மிக்கேலம்மாள் இறங்கி வந்தாள். அடைக்கலத்தின் பக்கத்தில் நின்றாள்.

அவர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

தார் மேல் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு கிடந்தது. அவர் பம்பரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு, அந்தக் கோடு முடிகிற இடத்தைப் பார்த்து நடந்தார். வாய் அசைந்தது. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. துடைத்தால் எண்ணிக்கை தவறிவிடும் என்பதுபோல நடந்தார்.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவது தப்படியில் அவர் கால் கோட்டைத் தொட்டது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மிச்சம் இருந்தது மூன்று. விளக்கு கொடுத்தது ஐந்து.