சாட்சிப் பலகையில் ஓர் ஓலை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொல்லாவிட்டாலும் கோபித்துக்கொள்ளாத ஒரு நாட்டில், வழக்குக் கேட்டுக் கேட்டே அலுத்துப்போன அரசன் ஒருவன் இருந்தான். ஒருநாள் ஒரே வரப்பைப் பற்றி இரண்டு சாட்சிகள் இரண்டு விதமாகச் சொல்ல, அவனுக்குத் தலைவலியே வந்துவிட்டது. "மனிதன் பொய் சொல்வான், ஓலை சொல்லாது. இனி நிலவழக்கில் ஓலைதான் சாட்சி. ஓலை வந்த இடத்தில் எவனும் வாய் திறக்கக் கூடாது" என்று கட்டளையிட்டான்.

அந்தக் கட்டளை நேராக நாச்சியின் தலையில் வந்து விழுந்தது.

நாச்சி புருஷனை இழந்தவள். அவளுக்கு இருந்ததெல்லாம் வெற்றிலைக் கொடிக்கால் ஒன்றுதான். பாட்டன் வைத்தது, அப்பன் காத்தது, அவள் தண்ணீர் கட்டி வளர்த்தது. ஓலை கிடையாது. ஊர் அறிந்த சொத்துக்கு ஓலை எதற்கு என்றிருந்த குடும்பம்.

அரண்மனை ஓலைகளுக்கெல்லாம் தலைவரான ஓலைநாயகம் இதை அறிந்திருந்தார். தம் தகப்பனாருக்கு நாச்சியின் பாட்டன் கொடிக்காலை விற்றுவிட்டதாக ஓர் ஓலையை நீட்டி வழக்குத் தொடுத்தார். வழக்கு முடியும்வரை இரு தரப்பும் தோட்டத்தைத் தொடக் கூடாது என்பது அந்நாட்டு வழக்கம். காவலர் வந்து வாய்க்காலை அடைத்தார்கள். நெல் என்றால் சில நாள் பொறுக்கும். வெற்றிலைக்கொடி பொறுக்காது, அதற்குத் தினமும் ஈரம் வேண்டும்.

நாச்சி சபைக்கு வரும்போதெல்லாம் கொடிக்காலைக் கடந்துதான் வந்தாள். முதலில் இலை மடங்கியது. பிறகு மஞ்சளித்தது. சாட்சி சொல்ல அக்கம்பக்கத்துக்காரர்களைக் கூட்டிவந்தாள். வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

"சாமி, ஒரு வாய்த் தண்ணியாவது கொடிக்கு விடச் சொல்லுங்க. அது என்ன வழக்கா பண்ணுச்சு?" என்று அவள் கதறினாள்.

"வாயை மூடு அம்மா. ஓலை பேசிக்கொண்டிருக்கிறது" என்றார் ஓலைநாயகம். சபை சிரித்தது.

தீர்ப்புச் சொல்லும் நாளும் வந்தது. அரசன் வாயெடுக்கும் நேரத்தில் விகடகவி நக்கன் எழுந்தான்.

"அரசே, இந்த வழக்கில் சாட்சி யார்?"

"ஓலை."

"எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்கும் உரிமை நம் சபையில் உண்டா, எடுத்துவிட்டோமா?"

"உண்டு."

"அப்படியானால் அந்த ஓலையைச் சாட்சிப் பலகையில் ஏற்றுங்கள். நாச்சிக்காக நான் கேட்கிறேன்."

அரசனுக்கு அப்போதே சிரிப்பில் உதடு துடித்தது. ஓலையைப் பலகையில் கிடத்தினார்கள்.

"என்ன கூத்து இது! ஓலைக்கு வாய் ஏது?" என்று சீறினார் ஓலைநாயகம்.

"ஊமை சாட்சி சொல்ல வந்தால் என்ன செய்கிறோம், ஐயா? சைகையால் சொல்லவிடுகிறோம். இதுவும் உடம்பைக் காட்டிச் சொல்லட்டும்."

"சரி. ஆனால் சாட்சி அறியாததைக் கேட்கக் கூடாது. அது கேள்வியின் எல்லை. நாச்சியின் அருமை பெருமையையெல்லாம் இதனிடம் கேட்காதீர், விகடரே" என்றார் ஓலைநாயகம்.

"கேட்கமாட்டேன். அதன் உடம்பில் நடந்ததை மட்டும் கேட்கிறேன். ஓலையம்மா, புழு உன்னைத் தின்றபோது உன்மேல் எழுத்து இருந்ததா?"

சபை கொல்லென்று சிரித்தது. நாச்சி சிரிக்கவில்லை. ஊமையை நம்பியா நம் பிழைப்பு என்று அவள் ஓலையையே பார்த்தாள்.

நக்கன் ஓலையைச் சாளரத்து வெயிலில் பிடித்தான். புழுத் துளைகளில் ஒளி புள்ளிபுள்ளியாக வந்தது.

"பாருங்கள் அரசே. எழுதிய ஓலையைப் புழு தின்றால் எழுத்தையும் சேர்த்துத்தான் தின்னும். ஓரிடத்தில் கொம்பு போயிருக்கும், ஓரிடத்தில் பாதி எழுத்து போயிருக்கும். புழுவுக்குப் படிக்கத் தெரியாது. இதிலோ ஓர் எழுத்துக்கும் காயமில்லை. துளை வந்த இடமெல்லாம் எழுத்து விலகி, தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கிறது. எழுத்தாணி துளையில் ஓடாது அல்லவா? ஆகவே முதலில் வந்தது புழு. பிறகு வந்தவர் எழுதியவர். ஓலை பழசு, விற்பனை புதுசு."

அரசன் தன் பாட்டனார் காலத்து ஓலை ஒன்றைக் கொண்டுவரச் செய்து வெயிலில் பிடித்தான். அதில் பாட்டனாரின் பெயரிலேயே நடுவில் ஓட்டை. அவ்வளவுதான், சிம்மாசனம் அதிரச் சிரித்தான். கண்ணீர் வழியச் சிரித்தான்.

"ஓலை தள்ளுபடி! கொடிக்கால் நாச்சிக்கே! ஓலைநாயகம், ஒரு மாதம் வீட்டில் இரும். பிறகு வாரும், உம்மைவிட்டால் ஓலை பார்க்க ஆளில்லை. நக்கா, இந்தா என் பட்டுச் சால்வை!"

நக்கன் பட்டை வாங்காமல் நின்றான். "அரசே, வாசலில் ஓலை இல்லாதவர்கள் நிறையப் பேர் நிற்கிறார்கள். இனி அவர்களையும் பேசவிடலாமே?"

"போடா! அந்தக் கட்டளையால்தானே இன்றைக்கு இவ்வளவு சிரித்தேன்? அது இருக்கட்டும்" என்று அரசன் மறுபடி சிரித்தான். பட்டை நக்கன் தோளில் தானே போர்த்திவிட்டான்.

வாசலில் காத்திருந்த கூட்டத்துக்கு உள்ளே கேட்ட சிரிப்பு நல்ல சகுனமாகப் பட்டது. "என்ன தாயி, ஜெயிச்சிட்டியா?" என்று கேட்டார்கள்.

"ஜெயிச்சிட்டேன்" என்றாள் நாச்சி.

நக்கன் பின்னாலேயே ஓடிவந்து பட்டை நீட்டினான். "இதை வைத்துக்கொள் அம்மா. விற்றால் காசு கிடைக்கும்."

"போர்த்திக்கங்க சாமி. சபையில அது இல்லாம உங்களை யார் பேசவிடுவா?"

அவள் போய்ச் சேர்ந்தபோது காவலர் வாய்க்கால் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் சலசலவென்று கொடிக்காலுக்குள் ஓடியது. அகத்தி மரங்களில் கொடிகள் சருகாகத் தொங்கின. நாச்சி ஒன்றைத் தொட்டாள். அது கையோடு வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு மரமாகக் காய்ந்த கொடியை உருவிக் கீழே போடத் தொடங்கினாள்.