துலக்கின காசு

"ஊருக்கெல்லாம் சொல்றீங்க. எனக்கு மட்டும் ஏனுங்க அம்மணி சொல்ல மாட்டேங்கறீங்க?"

கேட்டவர் சபாநடேசன். வயது அறுபத்து மூன்று. மின்வாரியத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேட்கப்பட்டவள் ஃபிலோமினா. அவரைவிட இருபது வயது இளையவள். கரூரில் மாவு மில் நடத்துகிறாள். அமராவதி ஆற்று மணலில் எந்தப் பழங்காசு அகப்பட்டாலும், அது எந்த ராஜா காசு என்று கேட்க அவளிடம்தான் ஓடி வருவார்கள்.

சபாநடேசன் ஆறு மாதமாக மெட்டல் டிடெக்டரும் கையுமாக ஆற்றைப் பெருக்காத குறை. பாட்டில் மூடி, லாரி நட்டு, எப்போதாவது ஒரு காசு.

காசைக் கொண்டுவந்து நீட்டுவார். அவள் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"தெரியலீங்க சார்."

அவ்வளவுதான் உபதேசம்.

"நேத்து அந்த லாரி டிரைவர் சேறும் சகதியுமா நீட்டினான். ஒரே பார்வை. சோழன் காசுன்னுட்டீங்க."

"ஆமாங்க."

"நான் என்னைக்காச்சும் அப்படி அழுக்கா கொண்டாந்திருக்கேனா? குரு கையில குடுக்கறதாச்சேன்னு புளி போட்டுத் தேச்சு, சாம்பல் போட்டு விளக்கி, குத்துவிளக்காட்டம் கொண்டாறேன்."

"பாக்கறனுங்களே."

அவள் பாட்டுக்குச் சல்லடையைத் தட்டினாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஞாயித்துக்கிழமை நாணயச் சங்கக் கூட்டம். தான் எடுத்த காசைத் தானே படிச்சுக் காட்டறவனுக்குத்தான் அங்க நாற்காலி. ரெண்டு தடவை முழிச்சுட்டுத் திரும்பிட்டேன். 'லாரி வாஷரை எடுத்துட்டு வராதீங்க, வீட்டுல பேப்பர் படிங்க'ன்னு தலைவர் சொல்றார். எல்லாரும் சிரிக்கறாங்க. இந்தத் தடவையும் இல்லேன்னா மெஷினை வித்துடுவேன்."

"காசைக் குடுங்க."

கொடுத்தார். செம்பு. புதுப்பெண் மாதிரி மினுக்கியது. பார்வைக்கு இரண்டு பக்கமும் மொழுமொழு.

அவள் அதைத் தரையில் சிந்திக் கிடந்த அரிசி மாவில் போட்டாள். கட்டைவிரலால் அழுத்தி, புரட்டி, மறுபடி அழுத்தினாள்.

"அம்மணி, ஒரு மணி நேரம் தேச்சதுங்க அது."

"தெரியுது. எடுங்க."

எடுத்தார். வெள்ளை வட்டம். வேட்டி நுனியைத் தேடினார்.

"துணி வேண்டாம். விரல் போதும். மேலாக."

விரலை ஓட்டினார். மேட்டிலிருந்த மாவு போயிற்று. பள்ளத்திலிருந்த மாவு போகவில்லை. லாரி டிரைவர் காசில் சேறு நின்ற இடம் அது.

வெள்ளைக்கு நடுவே சிவப்பாக ஒரு முதுகு எழுந்தது.

அப்புறம் நாலு கால்.

அப்புறம், நீட்டின தும்பிக்கை.

"யானை," என்றார்.

அவள் அதற்குள் மில்லின் ஹாப்பரில் யாருடைய கோதுமையையோ கொட்டிக்கொண்டிருந்தாள்.

அவரே காசைப் புரட்டினார். அவரே விரலை ஓட்டினார்.

வளைவு ஒன்று. அதன் குறுக்கே ஒரு கோடு.

"வில்லு. அம்பு." நிமிர்ந்தார். "சேரன் காசு."

கோதுமைக்காரர், அரிசிக்காரி, மிளகாய்க்காரி, வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த மனிதர் இவ்வளவு உயரமா என்று அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

ஃபிலோமினா வாளியில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். "கை பூரா மாவு. கழுவிட்டுப் போங்க சார்."

சபாநடேசன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதையும் கழுவறதா இல்லீங்க அம்மணி."