வியாழக்கிழமைச் சாவி

குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூடுதல். தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்று மடத்துக்கு வந்த சீடர் பொன்னுரங்கத்துக்கு எதுவும் நேரத்துக்கு நடந்தாக வேண்டும்.

மடத்துக் கொட்டகையில் வியாழன்தோறும் மாலை பதினோரு பேர் கூடுவார்கள். மனம் நொந்தவர்கள். தலைவர் என்று யாரும் கிடையாது. அவரவர் பாட்டை அவரவர் சொல்ல, மற்றவர்கள் கேட்பார்கள். கொட்டகைச் சாவி தங்கப்பழத்திடம் இருந்தது. மனைவி இறந்தபிறகு வெளியாட்களிடம் பேச்சே அற்றுப்போன மனிதர். கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. எப்போதும் அரைமணி நேரம் தாமதமாகத்தான் வருவார். ஒருநாள் மழையில் எல்லோரும் வெளியே நின்று நனைந்துவிட்டார்கள்.

பொன்னுரங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று பக்குவமாகச் சொல்லிச் சாவியைக் கேட்டார். தங்கப்பழம் தலையை ஆட்டிக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு ஆறு மணி என்றால் ஆறு மணிக்குக் கதவு திறந்தது. பெருக்குவது, பாய் விரிப்பது, தண்ணீர் வைப்பது என்று மற்றவர்கள் பார்த்த வேலையையும் பொன்னுரங்கமே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் வருவதை நிறுத்தியவர் தங்கப்பழம். பிறகு ஒவ்வொருவராகக் குறைந்து நான்கு பேரானார்கள்.

"நான் என்ன குறை வச்சேன் சாமி?" என்று குருவிடம் கேட்டார் பொன்னுரங்கம்.

"தங்கப்பழம் வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்றார் குரு.

அங்கே அவருடைய அக்காதான் கதவைத் திறந்தாள். தங்கப்பழம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"வியாழக்கிழமை மட்டும்தான் குளிப்பான், சட்டை மாத்துவான்" என்றாள் அக்கா. "எந்திரிக்கவே சாயங்காலம் ஆயிரும். ஆனாலும், நான் போகலேன்னா எல்லாரும் வெளிய நிப்பாங்கக்கான்னு சொல்லிக்கிட்டே ஓடுவான். இப்ப எந்திரிக்கதே இல்ல."

பொன்னுரங்கம் கூனிக்குறுகிப் போனார். சாவியைத் தலையணை ஓரத்தில் வைத்தார்.

தங்கப்பழம் திரும்பவில்லை. "நீங்கதான் நேரத்துக்குத் திறக்கீங்களே" என்றார்.

அந்தக் குரலைப் பொன்னுரங்கம் கேட்டது அதுதான் முதல் தடவை.

மடத்துக்குத் திரும்பியதும் குருவின் முன்னால் உட்கார்ந்து அழுதார். "சாவியை அங்கயே வச்சிட்டு வந்துட்டேன் சாமி. நல்லது செய்யிறதா நினைச்சு அந்த மனுசனை முடக்கிப் போட்டுட்டேன்."

"வியாழக்கிழமை கொட்டகை வாசல்ல போய் நில்லுங்க."

"அவர் வரலேன்னா? மழைக்காலம் வேற."

"நனைங்க. நீங்க நனையிறீங்கன்னு அவருக்குச் சேதி போகட்டும்."