நீர்க்காகம் கொடுத்த எண்ணெய்

பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் பேச்சுவார்த்தை இருந்த அந்தக் காலத்தில், ஒரு பட்டணத்தின் நட்டநடுவே பெரிய ஏரி இருந்தது. அங்கிருந்த பறவைகளில் நீர்க்காகத்துக்குத்தான் மினுக்கு அதிகம். அதன் சிறகில் அப்படி ஓர் எண்ணெய்ப் பசை! முங்கி எழுந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டாது. வாத்துகள் எதிரே வந்தால் வேண்டுமென்றே ஒருமுறை சிலிர்த்துக் காட்டும். கர்வம் பிடித்ததுதான், ஆனாலும் நல்ல பறவை.

பட்டணத்துத் தலைவர் ஏகாம்பரத்துக்கு ஏரியைப் பார்த்தாலே எரிச்சல். "இவ்வளவு எடத்தையும் தண்ணி அடைச்சுக்கிட்டுக் கெடக்குதே! தூர்த்துட்டுக் கடைவீதி கட்டினா ஊரே பொழைக்கும்" என்றார்.

கரையில் வேர்க்கடலை அவித்து விற்ற குப்பம்மாவும் அவள் புருஷன் கன்னியப்பனும் அவரிடம் பதறி ஓடினார்கள்.

"தலைவரே, நான் ஒரு படகு செய்யறேன்" என்றான் கன்னியப்பன். "காணும் பொங்கல் அன்னிக்கு நீங்களே ஏறி ஏரியைச் சுத்திப் பாருங்க. அப்புறமும் தூர்க்கணும்னு தோணுச்சுன்னா தூர்த்துடுங்க."

"சரி. என் கால் நனைஞ்சுதுன்னா மறுநாளே மண்ணு கொட்டுவேன்" என்றார் தலைவர்.

கன்னியப்பன் அருமையாகப் படகு செய்தான். செய்தவன் சும்மா இருந்தானா? பெற்ற பிள்ளையைப் போல அதைக் கொஞ்ச ஆரம்பித்தான். தண்ணீர் பட்டால் சாயம் போய்விடுமாம்! வெயிலிலேயே நிறுத்தி, தினமும் பொட்டு வைத்தான். மரப்படகைத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததா? ஆசை கண்ணை மறைத்துவிட்டது. பலகைகள் காய்ந்து சுருங்கின. காணும் பொங்கலன்று காலையில் தள்ளிப் பார்த்தால், படகு சல்லடையாக ஒழுகியது.

அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். குப்பம்மா பழைய புடவையைக் கிழித்து இடுக்குகளில் திணித்தாள். "துணி மட்டும் தாங்காதுய்யா. மேல எண்ணெய் பூசணும். வீட்டுல இருந்ததெல்லாம் நேத்து வடை சுட்டே தீர்ந்துபோச்சே!" என்று புலம்பினாள். பிறகு சிறகு எண்ணெயைக் கேட்டுப் பறவைகளிடம் கெஞ்சினாள்.

"எங்களுக்குக் குளிரும்" என்று வாத்துகள் நழுவின.

நீர்க்காகம் ஏரி நடுவே நின்ற கருவேல மரத்தைத் திரும்பிப் பார்த்தது. அங்கே கூட்டில் அதன் குஞ்சுகள் இருந்தன. ஏரி போனால் மீன் போகும்; மீன் போனால் குஞ்சுகள் என்ன ஆகும்?

"குப்பம்மாக்கா, சீக்கிரம் வழிச்சு எடு. நான் மனசு மாறறதுக்குள்ள" என்றது.

அவள் சிறகை நீவி நீவி எண்ணெய் எடுத்தாள். போதவில்லை. நீர்க்காகம் ஒரு குரல் கொடுத்ததும் அதன் சுற்றம் முழுவதும் வந்து வரிசையில் நின்றது. கடைசிச் சொட்டு எண்ணெயும் பூசி முடிக்கவும் தலைவர் வந்து சேரவும் சரியாக இருந்தது.

விறைப்பாக ஏறிய தலைவர், நடு ஏரியில் கெண்டை துள்ளியதும் சின்னப் பிள்ளையாகக் கையால் தண்ணீரை அளைந்தார். கரைக்கு வந்தபோது அவர் செருப்புகூட நனையவில்லை. "இன்னொரு சுத்து போலாமா, கன்னியப்பா?" என்று அவரே கேட்டார். ஜனங்களும் அடித்துப் பிடித்து ஏறினார்கள். மத்தியானத்துக்குள் குப்பம்மாவின் கடலைச் சட்டி காலி.

"கடையெல்லாம் கரையோட நிக்கட்டும். ஏரி ஏரியாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார் தலைவர்.

அந்தச் சந்தோஷத்தில் நீர்க்காகம் குஞ்சுகளுக்கு மீன் பிடிக்க முங்கியது. தண்ணீர் சிறகில் ஏறிக் கனத்தது. எழ முடியாமல் தத்தளித்ததைக் கன்னியப்பன் துடுப்பால் தாங்கித் தூக்கி, படகுத்துறைக் கம்பத்தில் உட்காரவைத்தான். அதன் மினுக்கெல்லாம் போயிருந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழாதண்ணே. சிறகை விரிச்சா காஞ்சிடும்" என்றது அது, நடுங்கிக்கொண்டே.

அன்று முதல்தான், முங்கி எழுந்த நீர்க்காகம் சிறகை விரித்துக்கொண்டு நிற்கிறது. துறையில் படகைக் கட்டிவைக்கிறவர்களும் அதற்கென்று ஒரு கம்பத்தை விட்டுவைக்கிறார்கள். அது ஏன் அப்படி நிற்கிறது என்று சவாரிக்கு வந்தவர்கள் கேட்டால், "நாம நனையக் கூடாதுன்னுதான் அது நனைஞ்சுக்கிட்டு நிக்குது" என்கிறார்கள்.