மேசை தட்டும் ஊர்

"நான் ஊருக்குப் போறேன் மேடம்" என்றாள் ஜெசிந்தா.

பேராசிரியர் சிவகௌரி கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எப்ப?"

"நாளைக்கே. டிக்கெட்டை மாத்த முடியுமான்னு கேட்டிருக்கேன்."

"வந்து ஒரு கிழமைகூட ஆகேல்லையே அக்கா. குளிரோ?"

"குளிர் இல்ல. விரட்டிட்டாங்க."

"ஆர்?"

"பிள்ளைங்கதான். நான் பேசி முடிச்சு வாயை மூடல, அதுக்குள்ள எல்லாரும் சேர்ந்து விரலை மடக்கி மேசையைத் தட்டுறாங்க. ஒருத்தர் பாக்கியில்லாம."

சிவகௌரியின் கை கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடி ஊற்றியது.

இவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் குரு சிஷ்யையை அக்கா என்று கூப்பிடுகிறாரே, இது என்ன கூத்து என்பீர்கள்.

குரு சிவகௌரி. ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனவர். இப்போது அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய நவீன இலக்கியத்தையே சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர். வயது நாற்பதைத் தொடவில்லை.

சிஷ்யை ஜெசிந்தா, வயதில் மூத்தவள். திருச்சியில் ஒரு கல்லூரியில் ஜெர்மன் ஆசிரியை. கான்வென்டில் ஒரு வெள்ளைக்கார சிஸ்டரிடம் மொழியைக் கற்றுக்கொண்டு, கையில் கிடைத்த நாவலையெல்லாம் வாசித்து, அதிலேயே டாக்டர் பட்டமும் வாங்கியவள். கல்யாணம் பேசியவர்கள் எல்லாம் 'ஜெர்மன் படிச்சு யாருக்கு என்ன லாபம்' என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவளும் போங்கள் என்று விட்டுவிட்டாள். நாற்பத்தைந்து வயதில் உதவித்தொகை கிடைத்து முதல்முறையாக அந்த நாட்டில் கால் வைத்தாள். ஒரு பருவம் முழுக்க, சிவகௌரியின் மேற்பார்வையில் வாரத்துக்கு ஒரு சொற்பொழிவு. முதல் சொற்பொழிவிலேயே இந்த அவமானம்.

உங்கள் காதில் மட்டும் ஒன்றைப் போட்டுவைக்கிறேன். அந்த ஊர்ப் பல்கலைக்கழகங்களில் கைதட்ட மாட்டார்கள். பேசியவருக்கு நன்றி சொல்ல, விரலை மடக்கி மேசையைத் தட்டுவார்கள். ரொம்பப் பிடித்துவிட்டால் ரொம்ப நேரம் தட்டுவார்கள். அவ்வளவுதான் சங்கதி.

ஜெசிந்தா வாசித்த நாவல் ஒன்றிலும் இது இல்லை. இருபது வருஷமாகத் திருச்சியில் டஸ்டரால் மேசையைத் தட்டித் தட்டி வகுப்பின் வாயை அடக்கியவள் அவள். தட்டினால் 'வாயை மூடு' என்றுதானே அவள் காதில் விழும்? குடையைக்கூட எடுக்காமல் ஓடிவந்திருந்தாள்.

சிவகௌரி இதை ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த அம்மாளின் குணம் அப்படி.

"என்னத்தைப் பற்றிக் கதைச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"அந்தக் கதவுக் கதை."

"எந்தக் கதவு?"

"சண்டையில குண்டு விழுந்து ஒரு தெருவே போயிடும். ஒரு பொம்பளையோட வீட்டுல வாசக்கதவு மட்டும் நிக்கும். அவ தினம் காலைல வந்து கதவைத் துடைப்பா. சாவியைப் போட்டுத் திறந்து உள்ள போவா. உள்ள வெறும் செங்கல்தான். போய் உக்காந்திருப்பா."

சிவகௌரி கோப்பையை நகர்த்திவைத்தார்.

"இதைச் சொன்னனீங்களோ?"

"இல்ல மேடம். இந்தக் கதையைப் பத்தி யார் யார் என்னென்ன எழுதியிருக்காங்கன்னு சொன்னேன். அடிக்குறிப்போட."

"கதவைப் பற்றிக் கதைக்கேல்லை."

"அதுக்கு நேரம் இல்ல."

"ம்ம்."

சிவகௌரி கோப்பையைக் காலி செய்தார்.

"நாளைக்கு என்ர வகுப்புக்கு வாங்கோ அக்கா. அதுக்குப் பிறகு போறதெண்டால் போங்கோ."

மறுநாள் ஜெசிந்தா பெரிய அரங்கத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். சிவகௌரி பேசினார். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஜெசிந்தா அசந்துபோனாள். இப்படிப் பேச ஆயுசு பத்தாது என்று நினைத்தாள்.

சிவகௌரி பேசி முடித்தார். அரங்கம் முழுக்க மேசையைத் தட்டியது.

ஜெசிந்தாவுக்குப் பகீரென்றது. நடைவழியில் ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களையுமா மேடம்?"

"என்னையும் என்ன?"

"விரட்டுறாங்களே."

"ஓம்" என்றார் சிவகௌரி. முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. "பதினொரு வருஷமா."

பொய்தான். குருமார் சொல்லும் பொய்க்கு என்ன தண்டனையோ, அது கர்த்தர் பாடு.

"பதினொரு வருஷமா? பின்ன ஏன் நீங்க போகல?"

"கதை மிச்சம் இருந்தது அக்கா."

ஜெசிந்தா டிக்கெட்டை மாற்றவில்லை.

அடுத்த வாரம் அரங்கத்துக்குள் போனாள். எப்படியும் விரட்டத்தான் போகிறார்கள். எழுதி வைத்த காகிதத்தைப் பார்த்தாள். யாரோ பண்டிதர்கள், எதிர்ப் பண்டிதர்கள். விரட்டு வாங்குவது என்று ஆகிவிட்டது, இவர்களுக்காக ஏன் வாங்கவேண்டும்? காகிதத்தை மடித்து வைத்துவிட்டு அந்தக் கதவைப் பற்றிப் பேசினாள். அந்தப் பெண் எந்தத் துணியால் துடைத்தாள், பூட்டு எப்படித் துருப்பிடித்திருந்தது, உள்ளே போனதும் எந்த மூலையில் உட்கார்ந்தாள் என்று வரி வரியாக வாசித்துக் காட்டினாள்.

தட்டினார்கள். தலையைக் குனிந்துகொண்டு ஓடினாள்.

அதற்கடுத்த வாரமும் போனாள். தட்டினார்கள், ஓடினாள். சில வாரம் பயந்தாள், சில வாரம் அழுதாள். ஒரு வாரம் கோபம் வந்து, தட்டிக்கொள்ளுங்கள் போங்கள், இந்தக் கதையை நான் முடித்துவிட்டுத்தான் போவேன் என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் ரொம்பப் பிரமாதமாகப் பேசினாள்.

பருவம் முடிய இன்னும் கொஞ்ச வாரம் இருக்கும்போது ஒரு மாணவி நடைவழியில் மறித்தாள். கையில் ஜெசிந்தாவின் குடை.

"முதல் நாள் விட்டுவிட்டுப் போனீர்கள். கொடுக்கலாம் என்றால் நீங்கள் நிற்பதே இல்லை. நாங்கள் நன்றி சொல்லித் தட்டிக்கொண்டிருக்கும்போதே ஓடிவிடுகிறீர்கள். எங்களைப் பிடிக்கவில்லையா?"

ஜெசிந்தா அதை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்தது. அழுது முடித்ததும் வந்த கோபத்தோடு நேராகக் குருவின் அறைக்குப் போனாள்.

"ஏன் மேடம் எங்கிட்ட சொல்லல?"

சிவகௌரிக்கு எது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"சொல்லியிருந்தால்?"

"நிம்மதியா இருந்திருப்பேன்."

"ஓம். நிம்மதியா இருந்துகொண்டு அடிக்குறிப்பு வாசிச்சிருப்பியள்."

ஜெசிந்தா குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். மனுஷ மனசு விடுமா?

அதற்கடுத்த வாரம் அவள் ஓடவில்லை. நின்று வாங்கிக்கொண்டாள். இனிப்பாக இருந்தது. அதற்கும் அடுத்த வாரம் பேசிக்கொண்டிருக்கும்போதே காது ஒன்று தனியாகக் கிளம்பிப் போய் மேசைகளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கதவு மறந்துபோனது. எங்கே நிறுத்தினால் தட்டுவார்கள் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு குருவிடம் வந்தாள்.

"போன வாரம் எவ்வளவு நேரம் தட்டுனாங்க. இன்னிக்குச் சட்டுனு நிறுத்திட்டாங்க மேடம். எதுல தப்பு பண்ணேன்?"

சிவகௌரி பேனாவை மூடி வைத்தார். இரண்டு கையையும் முஷ்டியாக்கி மேசையைத் தட்ட ஆரம்பித்தார். தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். கோப்பை துள்ளிக் கவிழ்ந்தது. பேனா உருண்டு கீழே விழுந்தது. பக்கத்து அறைப் பேராசிரியர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் மூடிக்கொண்டார்.

"காணுமோ?" என்றார் சிவகௌரி, மூச்சு வாங்க.

"போதும் மேடம்."

"அப்ப இனி வேலையைப் பாப்பம்."

ஜெசிந்தா குனிந்து பேனாவை எடுத்துக் கொடுத்தாள். மிச்ச வாரங்களில் வேலையைப் பார்த்தாள். பருவம் முடிந்தது. ஊருக்குத் திரும்பினாள்.

திருச்சியில் யார் மேசையைத் தட்டுகிறார்கள்?

ஜெர்மன் படிக்கக் கூட்டம் இருந்தது. எல்லாம் அங்கே நர்ஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகள். ஊசி, மாத்திரை, எங்கே வலிக்கிறது, சம்பளம் எப்போது வரும், இவ்வளவு போதும் அவர்களுக்கு. அதில் தப்பும் இல்லை. இலக்கிய வகுப்புக்கு வருஷா வருஷம் ஆள் குறைந்தது. கடைசியில் மூன்று பேர்.

பிரின்சிபல் நல்ல மனுஷன். தன்மையாகத்தான் சொன்னார்.

"டீச்சர், மூணு பேருக்கு ஒரு வகுப்பறையை எப்படி ஒதுக்குறது? இலக்கியத்தை நிறுத்திடலாம். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நர்சிங் பிள்ளைங்களுக்கு இன்னும் ரெண்டு வகுப்பு சேர்த்து எடுங்க. நீங்க சரின்னு சொன்னாப் போதும். புதன்கிழமை நாலு மணிக்கு வந்து சொல்லுங்க."

ஜெசிந்தா யோசித்துப் பார்த்தாள். சண்டை போடத் தெம்பு இல்லை. சரி என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள். முடிவு செய்த அன்று ராச்சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் புதன்கிழமைதான் சிவகௌரி திருச்சியில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்தில் வீடு இருந்த இடத்தைப் பார்க்கப் போகிற வழி. நடுவில் ஒரு நாள் சிஷ்யையோடு.

ஜெசிந்தா எல்லாவற்றையும் சொன்னாள். இன்றைக்கு நாலு மணிக்குப் போய் சரி சொல்லப் போவதையும் சொன்னாள். சிவகௌரி ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். திட்டினாலும் தேவலை.

"இண்டைக்கு வகுப்பு இருக்கோ?"

"இருக்கு. மூணு மணிக்கு."

"நானும் வாறன்."

"மூணே பேர் மேடம். அதுல ஷமீமா தூங்கிடுவா."

"எனக்கும் நித்திரை வந்தால் தூங்குவன். வாங்கோ."

வகுப்பறையில் மின்விசிறி கடகடத்தது. கேன்டீனிலிருந்து பஜ்ஜி வாசனை வந்தது. சிவகௌரி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஜெசிந்தா கதவுக் கதையை எடுத்தாள். கடைசி வகுப்பு இதுதான் என்றால் இதுவாகவே இருக்கட்டும் என்று நினைத்தாள். ஜெர்மனில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று வாசித்துக்கொண்டே போனாள். யார் கேட்கிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்று பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை. அந்தப் பெண் அன்றைக்கும் கதவைத் துடைத்தாள். பூட்டைத் திறந்து உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டு செங்கல்மேல் உட்கார்ந்தாள். சுற்றிலும் சுவர் இல்லை, யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம்.

அப்போது யாரோ அந்தக் கதவைத் தட்டினார்கள்.

மணி அடித்தது.

மணி அடித்தால் பிள்ளைகள் எழுந்து 'தேங்க் யூ மேம்' என்று ராகம் போட்டுவிட்டுப் பறந்துவிடுவார்கள். அன்றைக்கு எழவில்லை.

"யாரு மேம் தட்டுனது?" என்று கேட்டாள் ஷமீமா.

தூங்கவே இல்லை அந்தப் பெண்.

"நீ யாருன்னு நினைக்கிற?"

"அவங்க வீட்டுக்காரரா இருக்கும்."

"அவருதான் சண்டைல செத்துட்டாரே" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "குண்டு போட்டவனா இருக்கும். மன்னிப்புக் கேக்க வந்திருப்பான்."

"அவன் எதுக்குடி தட்டணும்? செவுருதான் இல்லையே, சும்மா நடந்து வந்துடலாமே."

"அதான் சொல்றேன். செவுரு இல்லைன்னாலும் தட்டிட்டுத்தான் வரணும்னு நினைச்சிருக்கான்ல."

மூன்றாவது பெண் இருவரையும் கையமர்த்தினாள். "இருங்கடி. அவ திறப்பாளா மாட்டாளா, அதைச் சொல்லுங்க முதல்ல."

மூவரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள்.

அவளுக்குச் சந்தோஷம்தான். புத்தகத்தை மூடினாள்.

"நாளைக்குப் பாக்கலாம்."

"மேம், இப்பவே வாசிங்க மேம்."

"நாளைக்கு."

சண்டை போட்டுக்கொண்டே வெளியே போனார்கள். நடைவழியின் கடைசிவரைக்கும் அந்தச் சண்டை கேட்டது.

கடைசி பெஞ்சில் சிவகௌரி விரலை மடக்கிக் கையைத் தூக்கினார். பிறகு தட்டாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"நாலு மணி ஆச்சு அக்கா. பிரின்சிபலுக்குச் சரி சொல்லப் போகேல்லையோ?"

ஜெசிந்தா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கதை மிச்சம் இருக்கே மேடம்."